திருகோணமலையிலிருந்து பிரித்தானிய நாடகப் பள்ளிக்கு: தனிமொழியும் தன்விளக்கமும் தயாரிக்கும் வழி

முதல் வருடம் நான்கு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தேன். நான்கும் முதற் சுற்றிலேயே கையை விரித்துவிட்டன. இரண்டாம் வருடம் இரண்டு பள்ளிகள் அடுத்த சுற்றுக்கு அழைத்தன, ஒன்று இடம் தந்தது. அந்த ஒரு வருடத்தில் என் நடிப்பு பெரிதாக வளர்ந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் முதல் வருடம் நான் விட்டவை பெரும்பாலும் அறிவுறுத்தலை ஒழுங்காக வாசிக்காததால் வந்த பிழைகள். அவற்றை நீங்களும் விடவேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்க விரும்புகிறவர்களுக்கான கட்டுரை அல்ல இது. அந்த வழி உயர்தரப் பெறுபேறு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல், உளச்சார்புப் பரீட்சை என்று போகும். பிரித்தானியாவில் நடிப்புப் பட்டப்படிப்புக்கு இங்கிருந்து விண்ணப்பிப்பவர்களுக்குத்தான் நான் சொல்லப்போவது.

1. நாட்காட்டியை எடுத்து பின்னாலிருந்து எண்ணுங்கள்

படிப்பு செப்டெம்பரில் தொடங்கும். அதற்கு முந்தைய வருடத்துச் செப்டெம்பரிலேயே விண்ணப்பம் திறந்துவிடும். யூகாஸ் எனப்படும் பொது விண்ணப்பத் தளத்தின் முக்கியமான கடைசித் திகதி ஜனவரி நடுப்பகுதியில், பிரித்தானிய நேரம் மாலை 6 மணிக்கு முடியும். நமக்கு அது இரவு 11.30. அன்றைக்கு இணையத்தை நம்பி உட்காராதீர்கள். ஜனவரி நமக்கு மாரி காலம்.

எல்லாப் பள்ளிகளும் ஒரே வாசலால் எடுப்பதில்லை. ரோஸ் புரூஃபோர்ட், ஈஸ்ட் 15 போன்றவை யூகாஸ் வழியாக எடுக்கின்றன. ஸ்கொட்லாந்து அரச கன்சர்வட்டுவார் இசை, நடன, நாடகக் கல்லூரிகளுக்கான யூகாஸின் தனிப் பிரிவான 'கன்சர்வட்டுவார்ஸ்' வழியாக எடுக்கிறது. ராடா, கில்ட்ஹோல் இரண்டுக்கும் அவற்றின் சொந்தத் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். யூகாஸில் ஐந்து தெரிவுகள், கன்சர்வட்டுவார்ஸில் ஆறு. ஒவ்வொரு வாசலுக்கும் திகதி வேறு, கட்டணம் வேறு. ஒரு கொப்பியில் பள்ளிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, திகதி, எத்தனை தனிமொழி (நாடகத்தில் ஒரு பாத்திரம் தனியே பேசும் பேச்சு), எத்தனை நிமிடம், எந்தக் காலத்து நாடகம், பாட்டு வேண்டுமா என்று எழுதி வையுங்கள். நான் முதல் வருடம் இதை மனதில் வைத்துக்கொண்டேன். மனம் நான்கு பள்ளிகளையும் கலந்து ஒரு பள்ளியாக்கிவிட்டது.

எனக்குச் சரிவந்த ஒழுங்கு: மார்ச், ஏப்ரலில் ஆவணங்கள், மே முதல் ஜூலை வரை நாடகங்கள் வாசிப்பது, ஆகஸ்டில் ஒத்திகை, செப்டெம்பரில் காணொளிப் பதிவு. செப்டெம்பர் என்று ஏன் சொல்கிறேன் என்பது 5ஆம் படியில் புரியும்.

2. பெயரை ஒன்றாக்குங்கள், பிறகுதான் மற்றைய ஆவணங்கள்

நம்மில் பலருக்குப் பெயர் மூன்று விதமாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு மாதிரி, சாதாரண தரச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூட, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. என் பெயரில் ஒரு 'எச்' ஓரிடத்தில் இருந்தது, இன்னோரிடத்தில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காகச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி எடுக்க அலைந்தேன்.

ஆகவே கடவுச்சீட்டை முதலில் எடுங்கள். அதில் உள்ள எழுத்துக்கூட்டலே விண்ணப்பத்திலும் ஐஈஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையின் பதிவிலும் வரவேண்டும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக நிற்கும். விண்ணப்பத்திலும் அப்படியே நிரப்புங்கள். அங்கிருந்து வரும் கடிதங்கள் உங்களை அப்பாவின் பெயரால் அழைக்கும். பழகிக்கொள்ளுங்கள். நான் எடுத்தபோது ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபாய். நமக்கு வவுனியா அலுவலகம் கிட்ட. பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்துக்குப் போவதென்றால் இரவு ரயிலில் போய், மறுநாள் இரவு ரயிலில் திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு வேண்டியவை: சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களின் ஆங்கிலப் பிரதி (பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கோரலாம்), பிறப்புச் சான்றிதழின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, ஐஈஎல்ரிஎஸ் பெறுபேறு. கடைசியில் சொன்னது இரண்டு வருடம்தான் செல்லும். முந்திக்கொண்டு எழுதி, முதல் வருடம் இடம் கிடைக்காமல் போய், இரண்டாம் வருடம் காலாவதியான பெறுபேற்றோடு நின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

பரிந்துரை தருபவர் உறவினராக இருக்கக்கூடாது. ஆசிரியர்தான் நல்லது, ஆனால் மின்னஞ்சல் பார்க்கிற ஆசிரியராகத் தேடுங்கள். பரிந்துரை கேட்டு வரும் இணைப்பு அவருடைய மின்னஞ்சலுக்கே போகும். அது வேண்டாத அஞ்சல்களோடு போய்க் கிடந்தால் உங்கள் விண்ணப்பமும் அங்கேயே கிடக்கும். என்னுடையது பதினொரு நாள் அப்படிக் கிடந்தது. கடைசியில் சேரின் வீட்டுக்கே போய், அவருடைய தொலைபேசியில் நானே தேடி எடுத்துக் கொடுத்தேன்.

3. தனிமொழியைத் தெரிவு செய்வது

பெரும்பாலான பள்ளிகள் ஒன்றுக்கொன்று மாறான இரண்டு தனிமொழிகள் கேட்கும். ஒன்று பழையது: சேக்ஸ்பியர் அல்லது அவர் காலத்தவர். மற்றது நவீன நாடகம். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் முடியவேண்டும். இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடம்தான். தமிழ்த்தினப் போட்டியில் மணி அடித்த பிறகும் முடித்துவிட்டு இறங்கும் பழக்கம் இங்கே உதவாது.

முதற் பொறி: சேக்ஸ்பியர் எழுதியதெல்லாம் செய்யுள் அல்ல. நான் முதல் வருடம் எடுத்தது, தன் நாயைத் திட்டிக்கொண்டு வரும் வேலைக்காரன் லோன்சின் பேச்சு. சிரிக்க வைக்கும், எனக்கு நன்றாக வரும். ஆனால் அது முழுக்க உரைநடை. அந்தப் பள்ளியின் அறிவுறுத்தலில் 'செய்யுளில்' என்று ஒரு சொல் இருந்தது. நான் அதைக் கடந்து போய்விட்டேன். அச்சில் பார்த்தாலே தெரியும்: ஒவ்வொரு வரியும் பெரிய எழுத்தில் தொடங்கி, பக்கத்தின் ஓரம்வரை போகாமல் மடிந்தால் செய்யுள்.

இரண்டாம் பொறி: வயது. எனக்கு நாடகம் சொல்லித்தந்த ஒருவர், சேக்ஸ்பியரின் 'கிங் ஜோன்' நாடகத்தில் மகனை இழந்து புலம்பும் தாய் கொன்ஸ்ரன்ஸின் பேச்சைச் செய்யச் சொன்னார். நம்முடைய ஊரில் அந்தப் புலம்பல் எவருக்கும் புரியும், நீ செய்தால் கல்லும் கரையும் என்றார். கரையலாம்தான். ஆனால் எனக்கு அப்போது 19 வயது. நடுவர்கள் பார்க்க விரும்புவது உங்கள் வயதுக்குக் கிட்டிய ஓர் ஆளை. பத்தொன்பது வயதில் தாயின் ஒப்பாரி வைத்தால் ஒப்பாரி மட்டும்தான் தெரியும், நீங்கள் தெரியமாட்டீர்கள்.

மூன்றாம் பொறி: நவீனத் தனிமொழியை இணையத்தில் தனித் துண்டாக எடுப்பது. முழு நாடகமாக அச்சில் வந்த ஒன்றிலிருந்து எடுக்கவேண்டும் என்று பல பள்ளிகள் கேட்கின்றன. திரைக்கதை கூடாது, நீங்களே எழுதியதும் கூடாது. 'நவீனம்' எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். முழு நாடகத்தையும் வாசித்திருக்க வேண்டும். நேர்முகத்தில் 'இதற்கு முந்திய காட்சியில் என்ன நடந்தது?' என்று கேட்பார்கள்.

இரண்டாம் வருடம் நான் எடுத்தது சேக்ஸ்பியரின் 'மெஷர் ஃபோர் மெஷர்' நாடகத்தின் இரண்டாம் அங்கத்து முடிவில் வரும் இசபெல்லாவின் பேச்சு. சகோதரனுக்கு மரண தண்டனை. காப்பாற்றச் சொல்லிக் கேட்க அதிகாரியிடம் போகிறாள். அவன் அதற்கு விலையாக அவளையே கேட்கிறான். வெளியே சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போகிறான். தனியே நிற்கும் அவள், நான் யாரிடம் போய் முறையிடுவேன் என்று தொடங்குகிறாள். இதை வாசித்தபோது கதை நடக்கும் வியன்னாவோ அவள் சேரவிருந்த கன்னிமடமோ என் கண்ணில் படவில்லை. நெஞ்சோடு ஆவணக் கோப்பு ஒன்றை அணைத்துக்கொண்டு ஏதோ ஒரு மேசைக்கு முன்னால் நிற்கும் பெண்கள்தான் தெரிந்தார்கள். அவர்களைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

சுமார் 17 வரி. கேள்வியில் தொடங்குகிறது, நடுவில் கணக்குப் போடுகிறது, ஒரு முடிவில் நிற்கிறது. நீங்கள் எதை எடுத்தாலும் இதைப் பாருங்கள்: பேச்சின் தொடக்கத்தில் இருந்த ஆளும் முடிவில் இருக்கும் ஆளும் ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பேச்சை விடுங்கள். இரண்டு நிமிடமும் ஒரே சோகமாக அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க எவருக்கும் பொறுமை இல்லை.

எழுத்துருக்களுக்கு: சேக்ஸ்பியரின் நாடகங்களை ஃபோல்ஜர் நூலகத்தின் தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். நவீன நாடகங்கள்தான் செலவு. நான் ஆறு மின்நூல்கள் வாங்கினேன், ஒன்றுதான் உதவியது. மற்ற ஐந்தையும் வாசித்ததால்தான் அந்த ஒன்றை அடையாளம் கண்டேன் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

4. ஒத்திகை: சபைக்கு அல்ல, ஓர் ஆளுக்கு

பாடசாலை மேடை நமக்குச் சொல்லித்தருவது கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுவதை. கூத்துக் களரியில் வளர்ந்தவர்களுக்கு இன்னும் கூட. வரவிலேயே சபை அதிரவேண்டும். அது பெரிய சொத்து. ஆனால் கமெரா மூன்று அடி தூரத்தில் இருக்கிறது.

நான் இசபெல்லாவை ஒரு மாதம் ஒத்திகை பார்த்தேன். ஒருநாள் குசினியில் அம்மம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அவருக்கு முன்னால் நின்று முழுவதையும் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முடித்ததும், "வடிவாகத்தான் இருக்கிறது பிள்ளை, ஆனால் நீ ஒருத்தரோடும் கதைக்கவில்லையே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இரவு படுக்கும்போது கோபம் போய்விட்டது, அவர் சொன்னது மட்டும் நின்றது.

மறுநாளிலிருந்து அந்தப் பேச்சை என் பெரியம்மா ஒருவரிடம் சொல்வதாக வைத்துக்கொண்டேன். நான் எதைச் சொன்னாலும் முதலில் நம்பாத பெரியம்மா. நம்பாதவருக்குச் சொல்லும்போது குரல் தானாக மாறுகிறது, நிறுத்தும் இடங்கள் மாறுகின்றன, கை ஆட்டம் குறைகிறது. நீங்களும் இதைச் செய்து பாருங்கள். மொழி தெரியாத ஒருவருக்கு முன்னால் சொல்லிவிட்டு, நான் எந்த இடத்தில் கேட்டேன், எந்த இடத்தில் முடிவெடுத்தேன் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் பேச்சு வேலை செய்கிறது.

செய்யுளுக்கு ஒரு குறிப்பு. அந்தக் காலத்து வரியில் பெரும்பாலும் பத்து அசை, ஐந்து அழுத்தம். தாளம் நமக்குப் புதிதல்ல, பென்சிலால் குறித்துக் கைதட்டிப் பார்த்தால் ஒரு நாளில் பிடிபடும். தொல்லை அதற்குப் பிறகுதான். தாளம் பிடிபட்டதும் நம் வாய் ராகம் இழுக்கத் தொடங்கும். தாளத்தை நன்றாகப் பழகிவிட்டு, பிறகு ஒரு வாரம் உரைநடை போலவே சொல்லுங்கள். அடியில் அது தானாக ஓடிக்கொண்டிருக்கும். ஆங்கிலச் சொற்களில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை அகராதியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாம் பழக்கத்தில் முதல் அசையிலேயே அடித்துவிடுவோம்.

உச்சரிப்பை லண்டன்காரர் போல மாற்றவேண்டாம். சொல் தெளிவாகக் கேட்டால் போதும். நான் முதல் வருடம் படங்களில் கேட்ட உச்சரிப்பைப் போலச் செய்த காணொளியை இப்போது பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

5. காணொளிப் பதிவு

முதற் சுற்று பல பள்ளிகளில் காணொளிதான். வெற்றுச் சுவர், சாதாரண உடை, நல்ல வெளிச்சம், வெட்டாமல் ஒரே எடுப்பு. வேடம், சாமான்கள் எதுவும் வேண்டாம். தொலைபேசி கிடையாகவா நிமிர்ந்தா, முழு உருவமா இடுப்புக்கு மேலா என்பதை அறிவுறுத்தலில் பாருங்கள். கமெராவை நேரே பார்க்காமல் அதற்குச் சற்றுப் பக்கத்தில், கண் மட்டத்தில், சுவரில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டி அதைப் பாருங்கள். என் கடதாசியில் 'பெரியம்மா' என்று எழுதியிருந்தது.

வெளிச்சத்துக்கு ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். முதுகைக் காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும். ஒலிதான் நம் ஊரில் பெரும் பாடு. மின்விசிறியை நிறுத்தவேண்டும், நிறுத்தினால் வியர்வை வழியும். முகத்தைத் துடைத்துவிட்டு மூன்று எடுப்புக்கு ஒருமுறை விசிறியைப் போட்டுக்கொண்டேன். ஆனி, ஆடியில் கச்சான் காற்று ஜன்னலை அடிக்கும். ஐப்பசி பிறந்தால் தகரக் கூரையில் மழை. அதனால்தான் செப்டெம்பர் என்றேன். கோயில் திருவிழாத் திகதிகளைப் பார்த்து, ஒலிபெருக்கி இல்லாத நாளாகத் தெரிவு செய்யுங்கள். எனக்கு வாய்த்த நேரம் பகல் இரண்டு மணி. தெருவே நித்திரையில் இருக்கும், காகம் மட்டும் விழித்திருக்கும்.

ஒரு நாளைக்குப் பத்து எடுப்புக்கு மேல் வேண்டாம். பதினொன்றிலிருந்து களைப்புத்தான் பதிவாகிறது.

6. தன்விளக்கம்

தன்விளக்கம் என்பது உங்களைப் பற்றி நீங்களே எழுதி விண்ணப்பத்தோடு கொடுப்பது. யூகாஸில் 2026 சேர்க்கையிலிருந்து இது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தவை எப்படி உங்களைத் தயார்படுத்தின, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், இடைவெளியும் எண்ணப்படும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ஆங்கிலத்தில் 4,000 எழுத்து என்பது அறுநூறு சொல்லுக்குச் சற்று மேல். நேரடியாக எடுக்கும் பள்ளிகள் வேறு அளவு வைத்திருக்கும்.

என் முதல் வருடத்துத் தன்விளக்கம் 'சிறுவயதிலிருந்தே எனக்கு நடிப்பில் ஆர்வம்' என்று தொடங்கி, ஒன்பது சான்றிதழ்களைப் பட்டியலிட்டு முடிந்தது. அதை வாசிப்பவருக்கு மாகாண மட்டம், வலய மட்டம் என்றால் என்ன தெரியும்? ஒரு போட்டியில் முதலிடம் என்பதைவிட, அந்த ஒத்திகையில் நீங்கள் கண்டுபிடித்த ஒரு சின்ன விடயம் பெரிது.

இரண்டாம் வருடம் நான் எழுதியது, மூதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கூத்துப் பழக்கத்தின்போது கொப்பி பிடித்து அடி எடுத்துக்கொடுத்ததைப் பற்றி. எனக்கு ஆட்டம் வராது என்று கூத்துப் பழக்கிய அண்ணாவியார் கொப்பியைத் தந்து உட்கார வைத்துவிட்டார். மூன்று மாதம் உட்கார்ந்திருந்ததில் ஒன்று தெரிந்தது: அடியை மறந்தவர், மறந்த கணத்தில்தான் மற்ற ஆட்டக்காரரின் முகத்தை உண்மையாகப் பார்க்கிறார். இதை நூறு சொல்லில் எழுதினேன். நேர்முகத்தில் முதற் கேள்வியே அதைப் பற்றித்தான்.

போரைப் பற்றி எழுது, சுனாமியைப் பற்றி எழுது, இரங்குவார்கள் என்று ஆலோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள். அது உங்கள் வேலையோடு உண்மையில் ஒட்டியிருந்தால் எழுதுங்கள். இரக்கத்துக்காக எழுதினால் அது தெரியும், உங்கள் வீட்டாருக்கும் மரியாதை இல்லை.

காசு வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுப்பவர்களிடம் போகாதீர்கள். ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றிப் பத்துப் பேருக்குக் கொடுப்பார்கள். யூகாஸ் எல்லாத் தன்விளக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்திருந்தால் பள்ளிக்கும் தெரிவிக்கும். முதலில் தமிழில் ஒருவருக்கு வாயால் சொல்லுங்கள். சொன்னதில் அவர் கண் விரிந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அதை ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள். தமிழ்க் கட்டுரையை வரி வரியாக மொழிபெயர்த்தால் 4,000 எழுத்தில் பாதி அலங்காரத்துக்கே போய்விடும்.

7. காசு

யூகாஸ் கட்டணம் 2026 சேர்க்கைக்கு 28.95 பவுண். சில பள்ளிகள் ஒடிஷனுக்குத் தனியாக அறவிடும், சில அதை நீக்கிவிட்டன. வருமானம் குறைந்தவர்களுக்கு விலக்கு உண்டா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. உங்கள் வங்கி அட்டை வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்குத் திறக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். என்னுடையது கடைசி நாளில் மறுக்கப்பட்டது. சித்தப்பாவின் அட்டை காப்பாற்றியது.

இவை சில்லறை. வெளிநாட்டு மாணவருக்கான படிப்புக் கட்டணம் பெரும்பாலும் வருடத்துக்கு 20,000 பவுணைத் தாண்டும். விசாவுக்குக் காட்டவேண்டிய பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்கவேண்டும். ஒருநாள் குறைந்தாலும் எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து. விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண், படிப்பின் முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்டவேண்டும். வீட்டில் இந்தக் கணக்கை விண்ணப்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள். இடம் கிடைத்த சந்தோசத்தில் பேசத் தொடங்கினால் எவராலும் நிதானமாகக் கணக்குப் பார்க்க முடியாது.

8. அடுத்த சுற்று

அழைப்பு வந்தால், இணையவழியில் செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். எனக்கு இரண்டும் இணையவழிதான்.

இந்தச் சுற்றில் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு மாற்றச் சொல்வார்கள். 'இதை ஒரு ரகசியம் போலச் சொல்', 'உனக்குச் சிரிப்பு வருகிறது, அதை அடக்கிக்கொண்டு சொல்' என்றெல்லாம். முன்னதைவிட நன்றாகச் செய்கிறீர்களா என்பதைவிட, சொன்னதைக் கேட்டு மாறுகிறீர்களா என்பதையே கவனிக்கிறார்கள். ஒரே மாதிரி நூறு தடவை பழகியவர் இங்கே உடைந்துவிடுவார். ஆகவே கடைசி இரண்டு வாரம் வீட்டிலுள்ளவர்களிடம் ஆளுக்கொரு கட்டளை கேட்டு, அதன்படி சொல்லிப் பாருங்கள். என் தம்பி 'பசியோடு சொல்' என்றான். அதுதான் எனக்கு அதிகம் உதவியது.

நேரத்தைச் சரியாகக் கணியுங்கள். குளிர்காலத்தில் லண்டன் காலை 10 மணி நமக்குப் பிற்பகல் 3.30. மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு அதே 10 மணி நமக்கு 2.30. என் அழைப்பு ஏப்ரலில். நான் நாட்காட்டியில் 3.30 என்று சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தேன். முதல்நாள் இரவு தம்பி அதைப் பார்த்துவிட்டு, தொலைபேசியில் லண்டன் நேரத்தை எடுத்துக் காட்டினான்.